பஸ்ஸுக்காக ஒரு வேட்புமனு

பஸ் வாரியத்துக்குத் தேர்தல் நடக்கும் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நான் நிற்கப்போவதாக அம்மாவிடம் போனில் சொன்னபோது, "பஸ் விடறதுக்கு எதுக்குடி எலெக்‌ஷன்? அங்கல்லாம் மந்திரி கிடையாதா?" என்றுதான் கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் பஸ் என்பது கோட்டையிலிருந்து வருகிற விஷயம். 1970-களின் தொடக்கத்தில் தனியார் பஸ்கள் பல அரசுடைமையாகி, பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் பிறந்த நாளிலிருந்து கட்டணமானாலும் தடமானாலும் முடிவு அங்கேதான். ஊருக்கு பஸ் வேண்டுமென்றால் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். மனு பலிக்காவிட்டால் சாலை மறியல். நான் எட்டாவது படிக்கையில் பள்ளிக்கூட நேரத்து டவுன் பஸ் நின்றுபோனது. எங்கள் தெருப் பெண்கள் இடுப்புக் குழந்தையோடு போய் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தாசில்தார் ஜீப்பில் வந்து பேசிப் பார்த்தார், யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ் திரும்ப வந்தது. அந்த மறியலில் என் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்காகக் குரல் கொடுப்பது என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நான் இப்போது வாழ்வது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் நகரில். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ரிச்மண்ட் தொடங்கி ஓக்லாந்து, ஹேவர்ட் வழியாக எங்கள் ஊர் வரைக்கும் ஓடும் பஸ்களை நடத்துவது ஏசி டிரான்சிட். அலமீடா, கான்ட்ரா கோஸ்டா என்ற இரண்டு மாவட்டப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அந்த ஏ, சி. கீ சிஸ்டம் என்ற தனியார் நிறுவனம் நடத்திவந்த பஸ்களை வாங்கிக்கொண்டு 1960 அக்டோபரில் அது வண்டி விடத் தொடங்கியது. அதை ஆள்வது ஏழு பேர் கொண்ட வாரியம். ஐந்து பேர் வார்டுக்கு ஒருவராகவும், இரண்டு பேர் மொத்தப் பகுதிக்கும் பொதுவாகவும் மக்கள் ஓட்டில் வருகிறார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு. பக்கத்திலேயே ஓடும் பார்ட் ரயிலுக்கும் இப்படி ஒன்பது பேர் கொண்ட வாரியம் உண்டு. அதன் உறுப்பினர்கள் ஆரம்பத்தில் நியமனத்தில் வந்தார்கள், 1974 முதல் தேர்தலில் வருகிறார்கள். எந்தத் தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, டிக்கெட் எவ்வளவு, டிரைவர்களுக்கு என்ன ஒப்பந்தம், தலைமை நிர்வாகியாக யாரை வைப்பது என்று எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறவர்கள் இவர்கள். அமெரிக்காவிலும் பெரும்பாலான ஊர்களில் மேயரோ ஆளுநரோ நியமிப்பவர்கள்தான் பஸ் வாரியத்தில் உட்காருகிறார்கள். ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுப்பது அபூர்வம். அந்த அபூர்வத்தின் நடுவில் பல வருஷம் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது.

நான் கணவரோடு எச்-4 என்ற சார்ந்தோர் விசாவில் வந்தவள். அப்போது எச்-4-இல் இருப்பவர்கள் வேலை பார்க்க முடியாது. ஒரு பகுதியினருக்கு அந்த அனுமதி கிடைத்ததே 2015-இல்தான். வீட்டில் ஒரே கார், அது காலையில் கணவரோடு போய்விடும். ஃப்ரீமாண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு நடு ஊர் கிடையாது. சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து சிற்றூர்களை 1956-இல் சேர்த்துத்தான் ஃப்ரீமாண்ட் என்று பெயர் வைத்தார்கள். ஐந்துக்கும் நடுவே இருந்த தோட்டங்களும் வயல்களும் பிறகு வீடுகளாகின. ரோடெல்லாம் ஆறு வண்டி ஒரே நேரத்தில் போகும் அகலம். ஒரு கொத்துமல்லிக் கட்டு வாங்க வேண்டுமானாலும் அரை மணி நடை. இங்கே கார் இல்லாதவருக்கு பஸ்தான் வாசல். அந்த பஸ்ஸில் ஏறித்தான் ஓலோனி கல்லூரிக்குப் போய்ப் படித்தேன், ஆய்வகத்தில் வேலை வாங்கினேன், பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டும் வேலைக்கு பஸ்ஸில்தான் போய்வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஃப்ரீமாண்ட் புல்வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்தது ஓக்லாந்து பாரமவுண்ட் தியேட்டரில். வாசலிலேயே மேசை போட்டு வாக்காளராகப் பதியச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கேயே பதிந்துவிட்டேன். தபாலில் வந்த முதல் ஓட்டுச்சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் படித்தேன். மேலே தேசிய, மாநிலப் பதவிகள். பிறகு நீதிபதிகள், பள்ளி வாரியம், நகர மன்றம். தாளைப் பின்பக்கம் திருப்பினால்தான், தண்ணீர் வாரியத்துக்குப் பக்கத்தில், 'டிரான்சிட் டைரக்டர்' என்று ஒரு வரி. இவ்வளவு நாளாக நிறுத்தத்தில் நின்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேனே, அவர்கள் இங்கே இருக்கிறார்கள்! அன்றைக்கே என் மனதில் அது விழுந்துவிட்டது. நிற்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

மனு வாங்க பார்ட் ரயில் ஏறி லேக் மெரிட் நிலையத்தில் இறங்கி, ஃபாலன் தெருவில் நீதிமன்றக் கட்டடத்திலுள்ள தேர்தல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். கட்டாகத் தாள் கொடுத்தார்கள். வேட்பாளராகும் எண்ணத்தை அறிவிக்க ஒரு படிவம், சொத்து விவரத்துக்கு ஒன்று, நன்கொடைக் கணக்குக்கு வேறு. அவற்றைப் பூர்த்தி செய்வது கஷ்டமாக இல்லை. நான் நின்று யோசித்தது ஒரு சின்னக் கட்டத்தின் முன்னால்தான். ஓட்டுச்சீட்டில் பெயருக்குக் கீழே வேட்பாளரின் தொழிலை மூன்று சொல்லுக்குள் எழுதலாம் என்பது கலிஃபோர்னியச் சட்டம். நான் 'பஸ் பயணி' என்று எழுத நினைத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார்: அது உங்கள் பிழைப்பாக இருக்க வேண்டும், பயணம் செய்வது பிழைப்பு ஆகாது. ஆய்வக வேலையைத்தான் எழுத வேண்டியிருந்தது. பஸ் வாரியத்துக்கு நிற்பவள் பஸ்ஸில் போகிறவள் என்பதற்கு ஓட்டுச்சீட்டில் இடமில்லை. அது எனக்கு அன்றைக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

வாக்காளர் கையேட்டில் சொந்த அறிக்கை ஒன்று போடலாம். அதற்கு அச்சுச் செலவு வேட்பாளருடையது, எங்கள் பகுதியில் சில ஆயிரம் டாலர் ஆகும். பெரிய பதவிக்கு நிற்பவர்களுக்கு அது ஒன்றுமில்லை. பஸ் வாரியத்துக்கு நிற்கும் ஒருவருக்கு மொத்தச் செலவில் பாதி அதிலேயே போய்விடும். சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுதறத நல்லா எழுது" என்றார், அவ்வளவுதான். தேர்தல் முடியும்வரை வீட்டில் சமையல் அவருடையது.

அதன்பிறகு கதவு தட்டும் வேலை. கலிஃபோர்னியாவில் இப்போது பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் ஓட்டுச்சீட்டு வீடு தேடித் தபாலில் வருகிறது. அதனால் அக்டோபர் மாதம் நான் போய் நின்ற வீடுகளில் எல்லாம் அந்தக் கவர் கிடந்தது, பெரும்பாலும் பிரிக்காமல். "பின்பக்கம் திருப்பிப் பாருங்க, கடைசிப் பக்கத்துல பஸ்ஸுக்குன்னு ஒரு வரி இருக்கும்" என்பதுதான் நான் அதிகம் பேசிய வாக்கியம்.

வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனபோது ஒன்று புரிந்தது. நிறுத்தத்தில் என்னோடு நிற்கும் முகங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. காலை பஸ்ஸில் யார் வருகிறார்கள்? ஹோட்டல் அறை சுத்தம் செய்யப் போகும் மெக்சிகோ நாட்டுப் பெண்கள், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வரும் ஃபிலிப்பினோ அக்காமார், கல்லூரிக்கும் ஹைஸ்கூலுக்கும் போகிற பிள்ளைகள், மோரி அவென்யூவில் வாஷிங்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வயதானவர்கள், பிள்ளையைப் பார்க்க வந்த நம் ஊர் அப்பா அம்மாக்கள். ஒருவர் கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவர், ஒருவர் பார்வையாளர் விசா, ஒருவருக்கு எந்தத் தாளும் இல்லை, ஒருவருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. பஸ்ஸில் போகிறவர்களிடம் ஓட்டு இல்லை. ஓட்டு உள்ளவர்கள் பஸ்ஸில் போவதில்லை. என் பிரசாரம் முழுவதுமே இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில்தான் நடந்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் வேலை வழியாக கிரீன் கார்டு வாங்கப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். அதற்குமேல் குடியுரிமைக்குப் பெரும்பாலும் ஐந்து வருஷம். அதுவரை அவர் வாடகையோடு வரி கட்டுவார், கடையில் வரி கட்டுவார், அந்த வரியில் ஓடும் பஸ்ஸைப் பற்றி ஓட்டுப் போட முடியாது.

மோரி அவென்யூ நிறுத்தத்தில் பார்த்த ஒரு திருச்சிக்காரரைச் சொல்லியாக வேண்டும். எழுபதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் துணிப்பை. நான் தமிழில் பேசியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கார் இல்லாட்டி இந்த ஊர்ல கால் இல்லாத மாதிரிம்மா" என்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நிறுத்தக் கம்பத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையை வரி வரியாகப் படித்து, அடுத்த வண்டி எப்போது, அதை விட்டால் எப்போது, திரும்பிவர எது கடைசி என்று தன் சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெட்டி போட்டு, கோடு இழுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் எழுத்தில். "அரை மணிக்கு ஒண்ணு சரிதான். ஆனா ராத்திரி சீக்கிரம் நிறுத்திடறான் பாரு, அதுதான் உதைக்குது. லைப்ரரில கூட்டம்னா முடியறதுக்கு முன்னாடியே எழுந்திரிக்க வேண்டியிருக்கு." ஒரு தடத்தின் குறையை இவ்வளவு துல்லியமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பக்கத்தை அவர் அனுமதியோடு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு பேசப்போன இடமெல்லாம் அதைக் காட்டினேன். அவருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் என் அறிக்கையில் இரவு பஸ் பற்றிய பத்தி அவருடைய கணக்கிலிருந்து வந்தது.

ஓட்டு உள்ள வீடுகளில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. வார்ம் ஸ்பிரிங்ஸ் பக்கம் ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் தமிழ்ப் பெண், நாற்பது வயது இருக்கும், காதில் ஹெட்செட். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க செய்றது நல்ல விஷயம்தான். ஆனா எங்க வீட்ல மூணு கார் இருக்கு. எங்களுக்கு எதுக்கு பஸ்? பஸ் ஸ்டாப் வந்தா வீட்டு முன்னாடி குப்பைதான் சேரும்." நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து அவருடைய மாமியார் வந்தார். நூல் புடவை, மேலே ஸ்வெட்டர். "எனக்கு வேணும்மா பஸ்ஸு" என்றார். மருமகள் திரும்பிப் பார்த்தார். "இல்ல கண்ணு, நீ கோவிச்சுக்காத. நீ எங்க கேட்டாலும் கூட்டிட்டுப் போற. ஆனா நான் கேக்கறதில்லயே. மீட்டிங்ல இருப்ப, பாவம், எதுக்குத் தொந்தரவுன்னு இருந்துடறேன். நம்மூர்ல எழுபது வயசுலயும் நானே பஸ் ஏறி சமயபுரம் போய்ட்டு வருவேன்ல?"

நான் நடுவில் ஒன்றும் பேசவில்லை. மாமியாரும் மருமகளும் வாசலிலேயே நின்று, நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் தனியாக இருக்கிறது, கோயிலுக்கு எத்தனை மாதமாகப் போகவில்லை என்று பேசினார்கள். மருமகள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். கடைசியில் என்னிடம், "இங்கேர்ந்து ஹப் ஷாப்பிங் சென்டர் பக்கம் போக எந்த பஸ், எங்க நிக்கணும்? சனிக்கிழம நானே அத்தையோட போய்ப் பார்க்கறேன்" என்றார். ஓட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வாசலில் நின்று விளக்குவதற்கு மிகக் கடினமானது வரி. எங்கள் ஊரில் பஸ் ஏன் அரை மணிக்கு ஒன்று, சில தடங்களில் மணிக்கு ஒன்று, ஓக்லாந்தில் மட்டும் ஏன் அவ்வளவு அடுத்தடுத்து வருகிறது? இதற்கு யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, வரலாறு அப்படி. ஃப்ரீமாண்டும் பக்கத்து ஊரான நூவர்க்கும் ஏசி டிரான்சிட்டோடு சேர்ந்தது பிற்பாடு, 1970-களில், தனிச் சேவை வட்டாரமாக. ரிச்மண்டிலிருந்து ஹேவர்ட் வரை உள்ள பழைய வட்டாரத்தில் ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 96 டாலர் பஸ் வரி உண்டு. 2016-இல் அந்த வட்டாரத்து மக்களே அதை இன்னும் இருபது ஆண்டுக்கு நீட்டி ஓட்டுப் போட்டார்கள். அந்த வரி எங்கள் இரண்டு ஊர்களுக்கும் கிடையாது. வரி கிடையாது என்றால் அந்தப் பணத்தில் ஓடும் வண்டியும் கிடையாது. டிக்கெட் பணத்தில் பஸ் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது மொத்தச் செலவில் சிறு பகுதிதான், மீதியெல்லாம் விற்பனை வரி, சொத்து வரி, மாநில, ஒன்றிய அரசுப் பணம். இதை வேட்பாளர் ஒருத்தி வாசலில் நின்று சொல்வது தேர்தலுக்கு நல்லதல்ல என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். மாதம் எட்டு டாலர் என்று பேச்செடுத்ததும் சிலர் முகம் மாறியது நிஜம். ஆனாலும் சொன்னேன். இராத்திரி பஸ் வேண்டும் என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டு, பணம் எங்கிருந்து வரும் என்பதை அடுத்த வீட்டில் மறைக்க எனக்கு வாய் வரவில்லை.

மகளிர் வாக்காளர் சங்கம் நடத்திய வேட்பாளர் அரங்கில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார், "பஸ்ஸை இலவசமாக்குவீர்களா?" அப்போது தமிழ்நாட்டைச் சொன்னேன். 2021-இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று உத்தரவு வந்தது. அந்தப் பணத்தை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. என் பெரியம்மா மகள் மாதச் செலவில் மிச்சமானதைச் சீட்டுக் கட்டுகிறாள். இலவசம் முடியும். யாராவது ஈடுகட்ட வேண்டும். இங்கே அது யார் என்று முடிவு செய்யாமல் இலவசம் என்றால் வண்டிகள்தான் குறையும். என்னோடு போட்டியிட்டவரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். பஸ் விஷயத்தை நன்றாக அறிந்தவர், வாரியக் கூட்டத்துக்கு வரும் கட்டுக்கட்டான அறிக்கைகளை முழுதும் படிக்கிறவர். அரங்கம் முடிந்து இருவரும் ஒரே நிறுத்தத்தில் நின்று பேசினோம்.

டிரைவர்களிடம் கற்றதை ஓட்டுக் கேட்கும் இடங்களில் அதிகம் பேச முடியவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். தடத்தின் கடைசியில் வண்டி சில நிமிடம் நிற்கும். பயணிக்கு அது வீண் நேரம். டிரைவருக்கு அதுதான் கழிப்பறைக்குப் போகும் நேரம், தண்ணீர் குடிக்கும் நேரம், முதுகை நிமிர்த்தும் நேரம். நெரிசலில் வண்டி தாமதமானால் அந்த நிமிடங்கள்தான் முதலில் கரைகின்றன. பஸ் ஓடும் எந்த ஊரிலும் டிரைவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள் என்று ஒரு பெண் டிரைவர் பார்ட் நிலையத்து வளாகத்தில் என்னிடம் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். ஸ்டீரிங்கைப் பிடித்துப் பிடித்து விரல் மூட்டுகள் தடித்திருந்தன. "அட்டவணை போடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்" என்றார். கால அட்டவணையில் இரண்டு நிமிடம் கூட்டினால் ஒரு தடத்துக்குச் சில நேரம் ஒரு வண்டியும் ஒரு டிரைவரும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் இப்போதும் வாதாடுவேன்.

முடிவு ஒரே இரவில் வருவதில்லை. தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குப் பின் முதல் எண்ணிக்கை வெளியானது. பிறகு தபாலில் வந்தவை, பெட்டியில் போட்டவை, கையெழுத்து சரிபார்க்க வேண்டியவை என்று வாரக்கணக்கில் எண்ணினார்கள். முதல் எண்ணிக்கையிலிருந்தே நான் பின்னால்தான் இருந்தேன்; வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, மறையவில்லை. மாவட்டம் வெளியிட்ட இறுதிக் கணக்கில் எனக்கும் வென்றவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைவிட, அந்த வரியை யாருக்கும் போடாமல் காலியாக விட்டவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்தது. தோற்றதைவிட அந்த எண்தான் என்னைத் தூங்கவிடவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். தாளைத் திருப்பியிருக்கலாம்.

அதே நாட்களில்தான் பிரவுன் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். ரால்ஃப் பிரவுன் என்ற கலிஃபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர் பெயரால் 1953-இல் வந்தது. உள்ளூர் வாரியங்கள் எல்லாம் கதவைத் திறந்துவைத்துத்தான் கூடவேண்டும், வந்தவரைப் பேசவிட வேண்டும் என்பது அதன் சாரம். வந்தவர் வாக்காளரா, குடிமகனா என்று கேட்க அதில் இடமில்லை. கூட்டத்தில் உட்காருவதற்குப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று பின்னால் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்த உடனே எனக்கு வார்ம் ஸ்பிரிங்ஸ் அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. அவர் கிரீன் கார்டில் இருப்பவர். குடியுரிமைக்கு இன்னும் மூன்று வருஷமாவது ஆகும். ஓட்டுதான் இல்லை, பேச்சுக்குத் தடை இல்லையே. மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அத்த பேசுவாங்களான்னு தெரியலக்கா" என்றார். அத்தை பக்கத்திலிருந்தே, "நான் ஏன் பேச மாட்டேன்?" என்று கேட்டது போனில் எனக்கே கேட்டது.

வாரியம் கூடுவது ஓக்லாந்து டவுன்டவுனில், ஃப்ராங்க்ளின் தெருவில், மாலை நேரத்தில். நாங்கள் ஃப்ரீமாண்டிலிருந்து ஆரஞ்சுத் தட ரயிலில் ஒன்றாகப் போனோம்: வார்ம் ஸ்பிரிங்ஸ் அம்மா, மருமகள், நிறுத்தத்தில் பழகிய இரண்டு ஃபிலிப்பினோ அக்காமார், ஓலோனி மாணவர் ஒருவர், நான். அந்த அம்மா ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நிலையமாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். கையில் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் மைக் அருகே போய், முதலில் ஏழு பேரையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தமிழில், நிதானமாக. "எல்லாருக்கும் வணக்கம். என் பையன் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. ஆனா பஸ் ஏறத் தெரியும். ஊர்ல ஏறியிருக்கேன். வாரத்துல ரெண்டு நாள் கோயிலுக்குப் போகணும், மத்த நாள் பார்க்குல நாலு பேரைப் பார்க்கணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எங்க பக்கம் திரும்பிவர வண்டி வேணும். நாங்க கொஞ்சம் பணம் கூடக் குடுக்கணும்னா, அது எவ்வளவுன்னு எங்க வீட்டுல வந்து கேளுங்க. கேக்காமலே அவங்க தரமாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க." மருமகள் வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும் முன் ஒரு கணம் மாமியாரைப் பார்த்துவிட்டு, அப்படியே சொன்னார்.

உறுப்பினர்களில் ஒருவர், எந்தத் தெருவுக்கு அருகில் வீடு, எந்த நிறுத்தம் என்று அலுவலரைக் கேட்டு வாங்கி வைக்கச் சொன்னார். அட்டவணைப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து வந்து நடைபாதையில் எங்களோடு நின்று குறித்துக்கொண்டார். நான் அவரிடம் திருச்சிக்காரரின் நோட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், "இவர் எங்கே வேலை பார்த்தவர்?" என்று கேட்டார்.

அடுத்து ஜூனில் பட்ஜெட் வருகிறது; ஜூலை முதல் தேதி புதுக் கணக்கு. அந்தக் கூட்டத்துக்கு ஃப்ரீமாண்டிலிருந்து இன்னும் கொஞ்சம் பேர் வருகிறார்கள். மருமகள் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். பதினாறு வயதிலேயே வாக்காளராக முன்பதிவு செய்துகொள்ளலாம் என்பதால், மாணவர் தன் தம்பியையும் அவன் வகுப்புப் பிள்ளைகளையும் நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் படிவங்களோடு போகிறேன். நான்கு வருஷம் கழித்து அந்த இருக்கைக்கு மறுபடி தேர்தல். நிற்பேன்.